எலும்புகளின் இருப்பு: அன்றாட உணவில் கால்சியம்

எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் பல படுக்கைகளின் அருகே ஒரு தூக்குப் பாத்திரம் வந்து சேரும். பெரும்பாலும் அதில் இருப்பது ஆட்டுக்கால் சூப். வீட்டில் ஒருவர் விடியற்காலையில் எழுந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ பேருந்து ஏறிக் கொண்டுவந்தது அது. முறிந்த எலும்பு விரைவில் கூடிவிடும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

அந்த அன்பை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எலும்பில் உள்ள கால்சியம் கொதிநீரில் எளிதில் கரைவதில்லை. ஒரு குவளை சூப்பில் கிடைக்கும் கால்சியம், அரை டம்ளர் பாலில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. சூடான சூப் நோயாளியின் பசியைத் தூண்டும். உப்பு மிகாமல் இருந்தால் அதனால் தீங்கும் இல்லை. ஆனால் எலும்புக்குத் தேவையான சத்தை அதில் மட்டும் நம்பியிருக்க இயலாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று ஒருவரது எலும்பு பலவீனம் அடையவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக அது மெல்ல மெல்ல அடர்த்தி இழந்து வந்திருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை நோயாளிகளுக்காக மட்டுமன்றி, அவர்களுடன் துணைக்கு வந்து காத்திருக்கும் மகளுக்காகவும், மருமகளுக்காகவும், பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறோம்.

எலும்பிலிருந்து எடுக்கப்படும் கடன்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடு இரத்தத்திலும் தசைகளிலும் பிற திசுக்களிலும் உள்ளது. அளவில் சிறிதாயினும் இதயம் துடிப்பதற்கும், தசைகள் சுருங்குவதற்கும், நரம்புகள் செய்தி கடத்துவதற்கும், இரத்தம் உறைவதற்கும் இந்தச் சிறு பங்கு இன்றியமையாதது. எனவே இரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறைய உடல் அனுமதிப்பதில்லை.

உணவின் வழியாகப் போதிய கால்சியம் வராதபோது, கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பில் உள்ள கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொண்டுவருகிறது. இரத்தத்தின் தேவை நிறைவேறுகிறது. எலும்பின் இருப்பு குறைகிறது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் இது நடைபெறுவதால் எவரும் இதை உணர்வதில்லை. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக உள்ளது என்று வந்தால், எலும்பும் வலுவாக இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிறந்தது முதல் ஏறத்தாழ 30 வயது வரை எலும்பின் இருப்பு கூடுகிறது. அதில் பெரும்பகுதி பருவமெய்தும் ஆண்டுகளில் சேர்கிறது. அதன்பின் சில காலம் நிலையாக நின்று, பிறகு குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் இந்த இழப்பு மிக விரைவாக நிகழ்கிறது. இளமையில் நிறையச் சேர்த்தவருக்கு அந்த இழப்பைத் தாங்கும் வலிமை இருக்கும். குறைவாகச் சேர்த்தவருக்கு எலும்பு நலிவு நோய் எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் முன்னதாகவே வந்துவிடும்.

நாளொன்றுக்கு எவ்வளவு தேவை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் இயங்குவது. நம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் இதே மன்றத்தைச் சேர்ந்ததே. இந்தியர்களுக்கான ஊட்டச்சத்து அளவுகளை வெளியிடும் இம்மன்றம், 2010ஆம் ஆண்டில் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டில் அது 1,000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. தற்போதைய அளவுகள் வருமாறு:

- 1 முதல் 3 வயது வரை: 500 மி.கி.
- 4 முதல் 6 வயது வரை: 550 மி.கி.
- 7 முதல் 9 வயது வரை: 650 மி.கி.
- 10 முதல் 12 வயது வரை: 850 மி.கி.
- 13 முதல் 18 வயது வரை: 1,000 முதல் 1,050 மி.கி. வரை
- வளர்ந்த ஆண்கள், பெண்கள், கர்ப்பிணிகள்: 1,000 மி.கி.
- பாலூட்டும் தாய்மார்கள்: 1,200 மி.கி.
- மாதவிடாய் நின்ற பெண்கள், முதியோர்: 1,200 மி.கி.

ஒரு குடும்பத் தலைவியின் நாள்

இந்த எண்ணை நம் வீட்டு உணவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இப்பகுதியில் பொதுவாகக் காணப்படும் ஒரு குடும்பத் தலைவியின் நாளை எடுத்துக்கொள்வோம்.

அவர் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு காபி அருந்துகிறார். இரண்டுக்கும் சேர்த்து 150 மில்லிலிட்டர் பால் என்று கொண்டால் 180 மி.கி. கிடைக்கும். காலை உணவாக மூன்று இட்லியும் சாம்பாரும் உண்கிறார். சுமார் 50 மி.கி. மதியம் சோறு, பருப்புக் குழம்பு, ஒரு பொரியல். சுமார் 75 மி.கி. இரவில் இரண்டு தோசையோ ரசம் சோறோ. சுமார் 40 மி.கி. மொத்தம் ஏறத்தாழ 350 மி.கி. அவருக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இது.

அவர் வயிறார உண்டிருக்கிறார், பட்டினி கிடக்கவில்லை. ஆனால் நாம் மிகுதியாக உண்ணும் அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் கால்சியம்கூட இல்லை. மேலும், வீட்டில் வாங்கும் பால் முதலில் பேரக்குழந்தைக்கும், அடுத்துக் கணவருக்கும், பின்னர் தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கும் போகிறது. மதியம் தயிர்ப் பாத்திரம் அவரிடம் வரும்போது அடியில் ஒட்டியிருப்பதே மிஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றி மோராக்கி அவர் அருந்துகிறார். வீட்டில் எலும்பின் இருப்பை மிக விரைவாக இழக்கும் வயதில் இருப்பவரும் பெரும்பாலும் அவரே.

எந்த உணவில் எவ்வளவு?

சமைக்காத நிலையில் 100 கிராமில் உள்ள கால்சியத்தின் தோராய அளவுகளைக் கீழே தருகிறோம். மண்ணுக்கும் பயிரின் வகைக்கும் ஏற்ப இவை சற்று மாறக்கூடும்.

- எள்: 1,200 மி.கி.க்கு மேல்
- அகத்திக்கீரை: 900 மி.கி.க்கு மேல்
- கறிவேப்பிலை: 650 மி.கி.க்கு மேல்
- கேழ்வரகு: 340 முதல் 365 மி.கி.
- முளைக்கீரை, தண்டுக்கீரை: 330 முதல் 400 மி.கி.
- முருங்கைக்கீரை: 300 முதல் 440 மி.கி.
- கொள்ளு: சுமார் 270 மி.கி.
- கொண்டைக்கடலை: 150 முதல் 200 மி.கி.
- பால், தயிர்: சுமார் 120 மி.கி. அல்லது சற்று அதிகம்

பட்டியலில் பால் கடைசியில் இருப்பதைப் பார்த்து அதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். எள்ளையும் கறிவேப்பிலையையும் 100 கிராம் அளவில் எவரும் உண்பதில்லை. பாலை ஒரு டம்ளர் அருந்துகிறோம். பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை உடல் ஏற்றுக்கொள்கிறது. பசலை வகையைச் சேர்ந்த பாலக்கீரையில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுந்திருப்பதால், அதிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே உடலில் சேர்கிறது. எள்ளின் தோலிலும் ஆக்சலேட் உண்டு. ஆகவே ஒரே உணவை நம்பாமல், பலவற்றிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ப்பதே பயன் தரும்.

பால் வாங்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அம்பத்தூர் ஆவின் பால் பண்ணையிலிருந்து வரும் பாக்கெட்டானாலும் வேறு நிறுவனத்தின் பாக்கெட்டானாலும், நிறமும் விலையும் முக்கியமாகக் கொழுப்பின் அளவைப் பொறுத்தே மாறுகின்றன. கொழுப்பு குறைந்த பாலில் கால்சியம் குறைவதில்லை. இதய நோயாளிகளும் நீரிழிவு உள்ளவர்களும் கொழுப்பு குறைந்த பாலையே வாங்கலாம். பாலைக் காய்ச்சுவதாலும் கால்சியம் அழிவதில்லை. ஆனால் கட்டுப்படியாவதற்காக நீர் சேர்த்தால் ஒவ்வொரு டம்ளரிலும் கால்சியம் குறைந்துவிடும். பால் அருந்தினால் வயிறு உப்புசமாகிறது என்போர் தயிரும் மோரும் உட்கொள்ளலாம். உறை ஊற்றும்போது பாலிலுள்ள லாக்டோஸ் குறைந்துவிடுவதால் பலருக்கு அவை ஒத்துக்கொள்கின்றன.

ஆடிக்கூழ் ஆண்டு முழுவதும்

ஆடி மாதத்தில் திருவேற்காடு, மாங்காடு வட்டாரங்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நாம் அனைவரும் அறிவோம். வரிசையில் நின்று கூழ் வாங்கி, முருங்கைக்கீரைப் பொரியலோடும் சின்ன வெங்காயத்தோடும் அருந்துகிறோம். மாதம் முடிந்ததும் கேழ்வரகு மாவு டப்பா அலமாரியின் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது.

உண்மையில் கூழ் மிக நல்ல எலும்பு உணவு. கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கும். மாவை இரவு கரைத்துப் புளிக்கவைக்கும்போது அந்தப் பைட்டேட் குறைகிறது, முளைகட்டினாலும் குறைகிறது. நம் முன்னோர் கண்ட செய்முறையிலேயே இந்தப் பயன் அடங்கியுள்ளது. வாரத்தில் நான்கைந்து நாள் கூழாகவோ, தோசையாகவோ, களியாகவோ, முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியாகவோ உண்ணலாம். நீரிழிவு உள்ளவர்கள் கேழ்வரகும் மாவுச்சத்து உணவே என்பதை மறவாமல், சோற்றுக்குக் கூடுதலாக அல்ல, சோற்றுக்குப் பதிலாக அதைக் கொள்ள வேண்டும்.

துவாதசி அன்று மட்டும் சமைக்கும் அகத்திக்கீரையையும் மாதத்தில் சில முறை சேர்க்கலாம். அசைவம் உண்போர் நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு மென்று உண்டால் நல்ல அளவு கால்சியம் கிடைக்கும். கருவாடாக உண்டால் உப்பு மிகும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. உப்பு மிகுதியானால் சிறுநீர் வழியே கால்சியமும் கூடுதலாக வெளியேறுகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றைக் குறைப்பது எலும்புக்கும் நல்லது.

வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பதால் எலும்பு வலுப்படும் என்று முதியோர் சிலர் எங்களிடம் சொல்வதுண்டு. கால்சியத்துக்காக அந்தப் பழக்கத்தைத் தொடர வேண்டாம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

ஆயிரத்தை எட்டும் ஒரு நாள்

மேலே கண்ட குடும்பத் தலைவியின் உணவில் பெரிய செலவின்றி இவ்வாறு மாற்றம் செய்யலாம்:

- கேழ்வரகு மாவு 50 கிராம், கூழாகவோ தோசையாகவோ: 175 மி.கி.
- பால் ஒரு டம்ளர், 200 மில்லிலிட்டர், காபிக்கு உள்ளதையும் சேர்த்து: 240 மி.கி.
- கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், 150 கிராம்: 180 மி.கி.
- முருங்கைக்கீரை 50 கிராம்: 150 மி.கி.
- இட்லிப் பொடியிலோ எள்ளுருண்டையிலோ எள் 10 கிராம்: 120 மி.கி.
- மற்ற உணவுகளான சோறு, பருப்பு, காய்கறி: 150 மி.கி.

மொத்தம் 1,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. 1,200 தேவைப்படுவோர் இரவில் இன்னொரு டம்ளர் பால் அருந்தினால் போதும்.

குடிநீரும் வெயிலும்

நம் பகுதியின் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக உள்ளது. பாத்திரங்களில் படியும் வெள்ளைப் படிவில் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளன. எனவே பெரும்பாலோர் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. கருவியையோ நாடுகின்றனர். சுத்தமான நீர் தேவைதான். ஆனால் ஆர்.ஓ. முறையில் நீரிலுள்ள கால்சியத்தின் பெரும்பகுதியும் நீங்கிவிடுகிறது. லிட்டருக்கு 75 மி.கி. கால்சியம் உள்ள நீரை இரண்டு லிட்டர் அருந்துபவருக்கு அதிலிருந்தே 150 மி.கி. கிடைக்கும். அந்த நீரை விட்டவர்கள் அந்த அளவை உணவிலிருந்து ஈடுசெய்ய வேண்டும்.

உண்ட கால்சியம் குடலிலிருந்து இரத்தத்தில் சேர வைட்டமின் டி தேவை. வெயில் தோலில் படும்போது உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று பலர் வியக்கின்றனர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பலர் விடியுமுன் நிறுவனப் பேருந்தில் ஏறி, நாள் முழுவதும் கூரையின் கீழ் வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். பேருந்தின் கண்ணாடி வழியாக விழும் வெயிலால் பயனில்லை. வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஆறு, ஏழு மணி இளவெயிலிலும் அக்கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக உள்ள நேரமே ஏற்றது. முகமும் கைகளும் வெயில் படுமாறு வாரத்தில் பல நாள், 15 முதல் 30 நிமிடம் வரை இருந்தால் போதும். கோடையில் முதியோர் நீரிழப்பு ஏற்படாமல் கவனமாக இருக்க வேண்டும். வெளியே வர இயலாதோர் மருத்துவரைக் கேட்டு மருந்தாக வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம்.

மாத்திரை உண்போர் கவனத்துக்கு

உணவால் நிறைவு செய்ய முடியாதபோது மருத்துவர் கால்சியம் மாத்திரை தருவார். அதை உட்கொள்வதில் சில முறைகள் உள்ளன.

ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடல் ஏற்கும் விகிதம் குறைகிறது. கூடுதலாகத் தேவைப்பட்டால் இரு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் வகையை உணவோடு உண்ண வேண்டும். சிட்ரேட் வகையை எப்போதும் உண்ணலாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி தேவை.

கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் வழங்கப்படுகின்றன. கர்ப்பத்தின் 14ஆவது வாரத்திலிருந்து, குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, நாளொன்றுக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள் என்பது தேசிய வழிகாட்டுதல். இவ்விரண்டு வகை மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது தடைப்படும். இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

நலமாக உள்ளவர்கள் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம். உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளொன்றுக்கு 2,500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

சிறுநீரகக் கல் வருமா?

கல் வந்தவர்கள் பாலை அடியோடு நிறுத்திவிடுவதைக் காண்கிறோம். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு வெளியான ஆய்வில், உணவில் கால்சியத்தை மிகுதியாகக் கொண்டோருக்கே கல் உண்டாகும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து வெளியேற்றிவிடுவதே இதற்கான விளக்கம். ஆகவே கல் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். போதிய நீர் அருந்தி, உப்பைக் குறைக்க வேண்டும்.

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோருக்கு இக்கட்டுரையின் அளவுகள் பொருந்தா. பாலிலும் கேழ்வரகிலும் உள்ள பாஸ்பரஸ் அவர்களுக்குத் தீங்கு செய்யலாம். அவர்கள் தம் சிறுநீரக மருத்துவர் வகுத்த உணவு முறையையே பின்பற்ற வேண்டும்.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

நின்ற நிலையிலிருந்து கை ஊன்றி விழுந்தே மணிக்கட்டு முறிந்தது என்றால், கட்டுப் போட்டதோடு நிறுத்திவிடக் கூடாது. அது எலும்பு நலிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். உயரம் குறைதல், கூன் விழுதல், காரணமற்ற முதுகுவலி ஆகியனவும் அவ்வாறே. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மருந்து உண்போர், முன்னதாகவே மாதவிடாய் நின்றவர்கள், 65 வயது கடந்த பெண்கள், 70 வயது கடந்த ஆண்கள் ஆகியோர் டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது எலும்பு நலிவு நோய். அந்நிலையில் உணவு மட்டும் போதாது. அதற்கென உள்ள மருந்துகளும் தேவைப்படும்.

துணையிருப்போருக்கு

வீடு திரும்பும் நோயாளியைப் பராமரிக்கும் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்து, பிடித்து எழ ஒரு கைப்பிடி அமையுங்கள்; இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மருத்துவர் அனுமதித்தவுடன் அவரை நடக்கச் செய்யுங்கள்; எடையைத் தாங்கும்போதுதான் எலும்பு வலுப்பெறும்.

மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கானது. சூப் கொதிக்கும் அடுப்பின் அருகே நிற்கும் நீங்களும் ஒரு டம்ளர் பாலையோ ஒரு கிண்ணம் தயிரையோ உங்களுக்கென்று இன்றே எடுத்து வையுங்கள். எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ற உணவுப் பட்டியல் வேண்டுமெனில், மருத்துவரைக் காண வரும் நாளில் எங்கள் உணவியல் ஆலோசனைப் பிரிவுக்கும் வாருங்கள். முந்தைய நாள் உண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், உங்களுடன் அமர்ந்து கணக்கிட்டுத் தருகிறோம்.